கொசு பேட்டும் நாட்டுக்கோழி முட்டைகளும்

முடிச்சூரில் விடாத மழை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற ஒரு காலையில் என் இன்குபேட்டர் செத்துப்போனது. முட்டைகளுக்குச் சூடு கொடுக்கும் பெட்டி அது. உள்ளே இருந்த நாட்டுக்கோழி முட்டைகள் இரண்டொரு நாளில் பொரிய வேண்டியவை. எல்.இ.டி. வந்த பிறகு, சூடு தரும் குண்டு பல்பு எந்த வீட்டில் இருக்கிறது? வெந்நீர் பாட்டில்களை உள்ளே வைத்துப் போர்வையால் மூடிவிட்டு, என் நாத்தனாரைக் கூப்பிட்டேன்.

எங்களோடு இருக்கும் அவளுக்கு, ஒரு தொழிற்சாலையில் மின்னணு போர்டுகளைச் சோதிக்கும் வேலை. கோழி என்றால் பத்தடி தள்ளி நிற்பாள். பெட்டியைக் கழற்றினாள். பவர் போர்டில் ஒரு டிரான்சிஸ்டர் வெடித்து, அதன் மேலிருந்த நம்பரும் கருகியிருந்தது.

குரோம்பேட்டைக் கடைகளுக்குப் போக வழியில்லை. பழைய போர்டுகளிலிருந்து பிடுங்கிய டிரான்சிஸ்டர்கள் அவளிடம் ஒரு டப்பா நிறைய இருந்தன. எது எவ்வளவு வோல்டேஜ் தாங்கும் என்று காட்டிக்கொடுக்கும் நம்பர் ஒன்றிலும் தெரியவில்லை. இருப்பதிலேயே பெரியதை எடுத்து நீட்டினேன். "இது தாட்டியா இருக்கு. தாங்கும்."

"மாப்பிள்ளையா பாக்கறோம் அண்ணி? போய் கொசு பேட்டை எடுத்துட்டு வாங்க."

"முட்டை சாகுது, உனக்குக் கொசு கடிக்குதா?" என்று கத்திக்கொண்டேதான் கொண்டுவந்தேன்.

பேட்டின் கம்பிவலைக்குப் போகும் ஒயர்களைப் பிரித்து, வரிசையாக ரெசிஸ்டர்களைக் கோத்து, டிரான்சிஸ்டரையும் மீட்டரையும் இணைத்தாள். "கையை எடுங்க அண்ணி. கொசுவைப் பொசுக்கற பேட்டு, வோல்டேஜ் ஆயிரத்துக்கு மேல ஏறும், ஆனா கரண்ட் சொட்டு சொட்டாதான் வரும். எங்க இந்த டிரான்சிஸ்டரால தடுக்க முடியலையோ, அங்க மீட்டர் நின்னுடும். அதான் இதோட எல்லை. சோதனைல இது சாகவும் சாகாது."

என் தாட்டி ஆள் தொண்ணூறு வோல்ட்டிலேயே நின்றுவிட்டார். இன்னொன்று நானூறைத் தொடப் பார்த்தது. "வீட்டுக் கரண்டு இருநூத்து முப்பதுதானே, போதாதா?" என்றேன்.

"போர்டு அதை டிசி ஆக்கினாலே முந்நூறைத் தாண்டும். சுவிட்ச் ஆகறப்பல்லாம் அதுக்கும் மேல எகிறும்."

கடைசியில் ஒல்லியாக ஒன்று எண்ணூறு வரை ஏறிப் போனது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. அவளோ, "அறுநூறுன்னே வச்சுக்கலாம்," என்றாள். அந்த இருநூறை விட்டுக்கொடுத்த நிதானம்தான் இன்றுவரை எனக்கு ஆச்சரியம். எனக்கு அது சுட்டுப்போட்டாலும் வராது.

அந்த ஒல்லியானதைப் போர்டில் பற்றவைத்து, பியூஸையும் மாற்றிப் பெட்டியை ஓடவிட்டாள். ஆனால் முட்டைகளை வைக்க விடவில்லை. வெப்பமானி ஒரே இடத்தில் நிற்கும்வரை காலியாகவே ஓட்டினாள். போர்வைக்குள் வெந்நீரை மாற்றி மாற்றி வைத்தபடி நான் திட்டினேன். அவள் காதிலேயே வாங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் முதல் ஓடு விரிந்தது. ஈரம் காய்ந்ததும் குஞ்சை எடுத்து அவளிடம் நீட்டினேன். பத்தடி தள்ளி நிற்பவள் பக்கத்தில் வந்து உள்ளங்கையை விரித்தாள். விரல்களை மட்டும் மூடவே இல்லை.

"பிடிச்சுக்கோ, விழுந்துடும்," என்றேன்.

"எவ்வளவு தாங்கும்னு தெரியலையே அண்ணி," என்றாள்.