எக்ஸ்ரே அக்காவும் அறுபது வீரர்களும்

“மூச்ச நல்லா இழுங்க… பிடிங்க… அசையாதீங்க…”

எக்ஸ்ரே அக்கா இதைச் சொல்வது உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருக்கும் ஐந்து பகடைகளிடம். ஆனால் மேசைக்கு எதிர்ப்பக்கம் யார் நின்றாலும் அவரும் தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வார். “விடுங்க” என்று அக்கா கையைத் திறந்த பிறகுதான் பகடைகள் உருளும், எதிராளிக்கும் உயிர் வரும். ஐந்தில் நான்கு பகடை ஒன்று காட்டினாலும் அக்காவின் முகம் வாடாது. “பரவால்ல, புது இடம், பயந்துட்டாங்க” என்று பகடைகளின் சார்பில் தானே சமாதானம் சொல்லிவிடுவார்.

பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சிவப்பு விளக்கு எரியும் கனத்த கதவுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷமாக எக்ஸ்ரே எடுப்பவர். வெளியே வரிசை இருமிக்கொண்டிருக்கும், மேல்மாடியிலிருந்து டாக்டர் ஃபோனில் கத்துவார். அக்கா பாட்டுக்கு உள்ளே ஒரு கிழவரின் முழங்காலுக்கு அடியில் தலையணையை வைப்பார், எடுப்பார், பாதத்தை ஒரு நூல் அளவு திருப்புவார், மறுபடி வைப்பார். “ஆடிச்சுன்னா மறுபடி எடுக்கணும். மறுபடி எடுத்தா உடம்புக்குள்ள இன்னொரு தடவ கதிர் போகும். எதுக்கு? ஒரே தடவ, ஒழுங்கா எடுத்துட்டுப் போவோம்.” ஒரு மாதத்தில் அவர் மறுபடி எடுக்கும் படங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

வீரர்கள் வந்து சேர்ந்தது மகள் வழியாக. அவள் ஆசை ஆசையாய் வாங்கி, ஒரே வாரத்தில் அலுத்துப்போய், விடுதிக்குப் படிக்கப் போகும்போது அலமாரி மேல் வைத்துவிட்டுப் போன பெட்டி. தூசி தட்ட எடுத்த அக்கா உள்ளே பார்த்தார். கட்டைவிரல் உயரத்தில் சாம்பல் நிற பிளாஸ்டிக் வீரர்கள், அறுபது பேர். உடனே மகளுக்கு ஃபோன்.

“ஏண்டி, இவனுங்கள இப்பிடித் துணிமணி இல்லாம நிக்க வெச்சிட்டுப் போயிருக்க?”

“அம்மா, அதுக்குப் பெயிண்ட் அடிக்கணும்மா.”

“அத அடிச்சிட்டுப் போறதுக்கென்ன?”

பெயிண்ட் அடித்து முடிக்க அக்காவுக்கு ஒரு வருஷம் பிடித்தது. நீலச் சட்டை, பழுப்பு இடைவார், ஒவ்வொருவன் கண்ணிலும் ஊசிமுனைப் புள்ளி ஒன்று. ஒருவனுக்கு மூக்குக்கண்ணாடி கூட உண்டு. “அவனுக்குக் கிட்டப்பார்வை. அதான் முன்வரிசைல விட்டிருக்கேன்.” இத்தனை அலங்காரம் செய்துவிட்டு அலமாரியில் சும்மா நிற்க வைக்க மனம் வரவில்லை. அப்போதுதான் நூலகத்து அறிவிப்புப் பலகையில் பொம்மைப் படைகளின் போர்ப் போட்டி பற்றி ஒரு தாளைப் பார்த்தார். நூற்றுநாற்பது பக்க விதிப்புத்தகத்தை, புதிதாக வந்து இறங்கிய இயந்திரத்தின் கையேட்டைப் படிப்பதுபோல அடிக்கோடு போட்டுப் படித்துவிட்டுப் போய்ப் பெயர் கொடுத்தார்.

வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நூலகத்தின் மாடியில், வாசகர் நாற்காலிகளை ஓரம் கட்டிவிட்டு நடக்கும் போட்டி அது. எட்டு மேசை, பதினாறு பேர். மேசை மேல் பச்சைத் துணி, தெர்மோகோல் குன்று, நடுவில் ஒரு பாலம். டேப்பால் அளந்து படையை நகர்த்த வேண்டும், பகடை உருட்டி யார் சாய்ந்தார்கள் என்று பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரு முறை ஆடினால் ஒரு சுற்று. ஆறு சுற்று முடிந்தால் ஓர் ஆட்டம். முடிவில் பாலத்தின் மேல் யாருடைய ஆட்கள் அதிகமோ அவருக்கு வெற்றி. ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம்தான். நேரம் தீர்ந்தால் நூலகர் கைமணியை ஆட்டிவிடுவார், முடியாத ஆட்டம் சமன்.

ஐந்து வருஷத்தில் அக்கா ஆடியது பதினைந்து ஆட்டம். பதினைந்தும் சமன்.

மற்றவர்கள் படையை ஒரு தட்டில் வைத்து மொத்தமாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். அக்கா அறுபது பேரையும் ஒவ்வொருவராக அளப்பார், எடுப்பார், வைப்பார், எதிரியைப் பார்க்கும்படி முகத்தைத் திருப்புவார். பிறகு குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு வரிசை நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். சாய்ந்தவனை எடுத்து ஓரத்தில் படுக்க வைக்கும்போது “போதும்ப்பா, நீ ரெஸ்ட் எடு” என்று ஒரு வார்த்தை. சீட்டுக் குலுக்கலில் அக்காவின் பெயர் எதிரே வந்தவர்கள் நிதானமாகக் கீழே போய் டீ குடித்துவிட்டு வருவார்கள். “இதுவரைக்கும் நான் தோத்ததே இல்ல” என்று அக்கா சொன்னால் யாராலும் மறுத்துப் பேச முடியாது.

இந்த வருஷம் போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நூலகர் ஃபோன் செய்தார். “தப்பா எடுத்துக்காதீங்க. பதினோரு பேர் இடம் கேட்டு வெளிய நிக்கிறாங்க. கமிட்டில ஒரு விதி போட்டிருக்கோம். மூணு ஆட்டத்துல ஒண்ணையாவது முழுசா முடிக்காதவங்களுக்கு அடுத்த வருஷம் இடம் இல்ல.”

“எல்லாருக்குமா சார்?”

“எல்லாருக்கும்தான்.”

“வேற யாரு சார் முடிக்காம இருந்திருக்காங்க?”

நூலகருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

அன்று அக்காவுக்கு வேலை ஓடவில்லை. ஒரு நாளைக்கு எண்பது பேர் அவர் கைக்குக் கீழே படுத்து எழுந்து போகிறார்கள். எங்கே வலிக்கிறது என்று சொல்கிறார்கள், சட்டையை மாட்டிக்கொள்கிறார்கள், போய்விடுகிறார்கள். கடைத்தெருவில் எதிரே வந்தால் ஒருவருக்கும் அவரைத் தெரிவதில்லை. “எனக்கு அவங்க தோள்பட்டை ஞாபகம் இருக்கும். அவங்களுக்கு என் மூஞ்சி ஞாபகம் இருக்காது” என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வார். நூலகத்து மாடியில் அப்படியில்லை. படி ஏறும்போதே “வந்துட்டாங்கப்பா!” என்று பதினைந்து பேர் முனகுவார்கள், கண்ணாடிக்காரன் சௌக்கியமா என்று கேட்பார்கள். அந்த முனகலை இழக்க அக்காவுக்கு மனமில்லை. அந்த இடம் அவருக்கு வேண்டும். இதைவிடப் பெரிய ஆசை எதுவும் அந்த வருஷம் அவருக்கு இருக்கவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் டிரைவிங் பள்ளிக்கூடம் நடத்துகிறவர். பயந்தாங்கொள்ளிகளை ரோட்டில் இறக்கிவிடுவதுதான் அவருடைய பிழைப்பு. இந்தப் பொறுப்பையும் அவரே ஏற்றுக்கொண்டார். சாப்பாட்டு மேசையில் எதிரிப் படையாகப் பத்து டம்ளர்களைக் கவிழ்த்து வைத்தார், கையில் கடிகாரத்தோடு நின்றார். அக்கா முதல் டம்ளருக்கும் முதல் வீரனுக்கும் நடுவே டேப்பை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார்.

“ஏம்மா, டம்ளர் எங்கயும் ஓடிடாது. நீ முன்னால போ.”

“அரை இஞ்சு இடிக்குதுங்க.”

“இடிக்கட்டும். பின்னால எவ்வளவு வண்டி நிக்குது தெரியுமா?”

“பின்னால யாருமே இல்லியே?”

“பழக்கத்துல வந்துடுச்சு” என்றார் அவர். ஆனாலும் விடவில்லை. ஏழு வாரம், இரண்டு நாளைக்கு ஒரு தடவை, டம்ளர்களோடு போர் நடந்தது. டம்ளர்களிடமும் அக்கா ஒரு ஆட்டத்தைக்கூட முடிக்கவில்லை.

போட்டி நாள். முதல் ஆட்டம் ஒரு கணக்கு வாத்தியாரோடு. நான்காவது சுற்றில் மணி அடித்தது. இரண்டாவது ஆட்டம் தேவலாம் என்றுதான் தோன்றியது, ஐந்து சுற்று முழுசாக முடிந்தது. ஆறாவதில் ஒருவனுடைய வாள் லேசாக வளைந்திருப்பது அக்காவின் கண்ணில் பட்டுவிட்டது. பையிலிருந்து குறடை எடுத்து அதை நிமிர்த்தி முடிப்பதற்குள் நூலகர் மணியை ஆட்டிவிட்டார். சுவரோரம் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

மூன்றாவது ஆட்டத்துக்கு எதிரே வந்தவன் லிஃப்ட் மெக்கானிக். அந்த மாடியிலேயே அவனை விட வேகமான கை கிடையாது. “லிஃப்டுக்குள்ள ஆள் மாட்டிக்கிட்டு நிக்கும்போது யோசிச்சிட்டா இருக்க முடியும்?” என்பான். தட்டைத் தள்ளுவான், பகடையை வீசுவான், முடிந்தது. போன வருஷம் அக்காவோடு ஆடும்போது நடுவில் போய் முடி வெட்டிக்கொண்டு வந்தவன்.

“தம்பி, இன்னிக்கு எனக்கு முடிஞ்சாகணும்” என்றார் அக்கா.

“தெரியும்க்கா. என் பக்கத்து நேரத்தையும் நீங்களே எடுத்துக்கோங்க” என்றான் அவன். சொன்னபடியே செய்தான். அவன் முறை ஒவ்வொன்றும் மூன்று நிமிஷத்தைத் தாண்டவில்லை. அக்காவும் பல்லைக் கடித்துக்கொண்டு முகங்களைத் திருப்பாமல் ஆடினார். தன் ஆட்கள் கண்ட திசையில் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்க்காமலிருக்க, அவ்வப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐந்து சுற்று முடிந்தபோது இன்னும் பதினான்கு நிமிஷம் பாக்கி இருந்தது. அக்கம்பக்கத்து மேசைகளில் ஆட்டம் முடிந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

அப்போதுதான் மெக்கானிக் பாலத்தைப் பார்த்தான். அக்காவின் ஈட்டிக்காரர்கள் இருபத்துநான்கு பேர் கரையில் வரிசை கட்டி நின்றார்கள். எங்கே தள்ளினாலும் அடி விழும். தட்டின் மேல் வைத்த கை அப்படியே நின்றது. அவன் தாடையைச் சொறிந்தான். குனிந்து பார்த்தான். மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் போய்ப் பார்த்தான். அவனிடம் சூது எதுவும் இல்லை. அவனை உட்கார்ந்து யோசிக்க வைக்கும் ஆட்டம் ஒன்று இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவன் முன்னால் விரிந்து கிடந்தது, அவ்வளவுதான். ஐந்து நிமிஷம் போயிற்று. எட்டும் போயிற்று.

“தம்பி, சீக்கிரம்…” என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

“விடுங்க, அவரு யோசிக்கட்டும்” என்றார் அக்கா. யோசிப்பவனை விரட்டினால் எப்படி இருக்கும் என்று அந்த அறையில் அவரை விட நன்றாகத் தெரிந்தவர் யார்? வாய் அப்படிச் சொன்னாலும் விரல்கள் டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தன.

ஒருவழியாக மெக்கானிக் தன் ஆட்களைப் பாலத்தின் மேல் ஏற்றினான், நிமிர்ந்தான், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். தலையில் கை வைத்தான். “ஐயோ அக்கா, மூணு நிமிஷம்தான் இருக்கு. நான் பாட்டுக்கு…”

அக்கா முதல் ஈட்டிக்காரனை அளந்தார், வைத்தார். இரண்டாமவனை அளந்தார், வைத்தார். மூன்றாமவனுக்கு வந்தபோது ஒரு நிமிஷம் தீர்ந்திருந்தது. சுவரோரம் வீட்டுக்காரரின் வலது கால் இல்லாத ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தது. நூலகர் மணியைக் கையில் எடுத்துவிட்டார், அதன் நாக்கு ஆடாமல் விரலால் பிடித்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தார்.

அக்கா டேப்பைக் கீழே வைத்தார். மேசை ஓரத்தில் கிடந்த மர ஸ்கேலை எடுத்தார். அதைக் கடைசி வரிசைக்குப் பின்னால் அணைத்து வைத்தார். ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு மாவைத் தள்ளுவதுபோல மொத்தப் படையையும் ஒரே தள்ளாகப் பாலத்தை நோக்கித் தள்ளிவிட்டார்.

ஈட்டிகள் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று சத்தம். பாலத்தின் விளிம்பு தட்டி மூன்று பேர் குப்புற விழுந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் “ஐயையோ” என்றே சொல்லிவிட்டார். அக்கா பகடைகளை அள்ளினார், ஒரு வார்த்தையும் பேசாமல் வீசினார். மெக்கானிக் அவசர அவசரமாகச் சாய்ந்தவர்களை எடுத்தான். பாலத்தின் மேல் இருந்தவர்களை இரண்டு பேரும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்கள். மெக்கானிக்குக்கு ஐந்து, அக்காவுக்கு நான்கு.

மணி அடித்தது.

“முடிஞ்ச ஆட்டம்” என்று நூலகர் உரக்கச் சொன்னார். தாளில் எழுதும்போது அவர் கையெழுத்து வழக்கத்தை விடப் பெரிதாக விழுந்தது. கூட்டம் கைதட்டியது. ஜெயித்தவனுக்காக அல்ல என்பது ஜெயித்தவனுக்கே தெரியும், அவன்தான் எல்லோரையும் விடப் பலமாகத் தட்டினான். “அக்கா! அடுத்த வருஷம் இடம் இருக்கு! தோத்துட்டீங்க, ஆனா முடிச்சிட்டீங்க!” மணிக்காகக் காத்திருந்தால் பதினெட்டாவது சமன் கிடைத்திருக்கும். முடித்ததால் வாழ்க்கையின் முதல் தோல்வி கிடைத்தது. அக்காவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. கண் கலங்கியதை மறைக்கவும் அவர் மெனக்கெடவில்லை. வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்று, “பாத்தியா, இடிக்கட்டும்னேன்ல” என்றார்.

மெக்கானிக் மேசைக்கு மேலாகக் கையை நீட்டினான்.

“ஒரு நிமிஷம் தம்பி” என்றார் அக்கா. குப்புறக் கிடந்த மூன்று பேரில் முதலாமவனை எடுத்தார். ஈட்டி வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். காலடியை ஊதினார். பாலத்தின் மேல் நிற்க வைத்து, எதிரியைப் பார்க்கும்படி முகத்தை ஒரு நூல் திருப்பினார். மெக்கானிக்கின் கை நீட்டியது நீட்டியபடியே இருக்க, இரண்டாமவனை எடுத்தார்.