மைக்கக்காவின் முகம்

பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எப்போது கிளம்புகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்கிற பெண்ணை எல்லாரும் மைக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குரல் ஊருக்கே தெரியும். முகத்தைத்தான் யாரும் பார்த்ததில்லை. மாடியில் தூசி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நாற்காலி, ஒரு மைக், ஒரு தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான் அவள் உலகம். கடையில் அவள் வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்கிறவர்கள் எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று திரும்புவார்கள். அப்புறம் அவரவர் சாமானைப் பார்ப்பார்கள்.

அது அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு தரமாவது தன் முகத்தை நாலு பேர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்த நடிப்பு ஆசை அது. பிள்ளை, சமையல், மாமியாரின் மருந்து என்று பின்னால் தள்ளித் தள்ளி, தலை நரைத்த பிறகு வந்து நிற்கிறது.

தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கு அம்மா வேஷத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று சொன்னவர் எதிர்வீட்டுக்காரர். தொடர்களில் பிணமாகப் படுத்தே பேர் வாங்கியவர். ஆனாலும் அவர் சொன்ன யோசனையெல்லாம் உருப்படியானவை. பளபளப்பாக உடுத்த வேண்டாம். முன்னாடியே போய் உட்கார வேண்டும். கேட்டதற்கு மட்டும் பதில். வசனம் மறந்தால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. கிளம்பும்போது வேஷம் உண்டா என்று நச்சரிக்கவும் கூடாது.

அவள் பேரைக் கொடுத்தாள். ஆடிஷனில் நடித்துக் காட்ட, வீட்டை விட்டுப் போகிற மகனை அம்மா தடுக்கிற காட்சியை அனுப்பியிருந்தார்கள். மகன் வசனத்தை அவளுடைய அக்கா படித்தாள், துணி மடித்துக்கொண்டே, மளிகைச் சாமான் ஒப்பிக்கிற மாதிரி. மைக்கக்காவுக்கு எல்லாம் தலைகீழ்ப் பாடமாகிவிட்டது. ஒருநாள் அக்கா துணியைக் கீழே போட்டாள்.

"ஏண்டி, நான் இங்க குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன், நீ ஜன்னலப் பாத்துப் பேசற. உம்புள்ள என்ன கம்பியிலயா தொங்கறான்?"

பழக்கதோஷம், அங்கே போனால் சரியாகிவிடும் என்றாள் இவள். சரியாகவில்லை.

ஆடிஷன் அறையில் ஒரு கேமரா, மேஜைக்குப் பின்னால் இயக்குநரம்மா, மகன் வசனம் படிக்க ஒரு இளைஞன். இவள் சுவரின் மேல்மூலையைப் பார்த்துப் பேசினாள். ஒவ்வொரு வரி முடிந்ததும் நிறுத்தினாள். நிலையத்தின் கூரையில் மோதித் திரும்பும் சத்தம் அடங்கிய பிறகுதானே அடுத்ததைச் சொல்ல முடியும்? பாவம், அந்தப் பையன் இவள் முடித்துவிட்டாள் என்று நடுவில் நடுவில் புகுந்தான். இயக்குநரம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். இங்கேயும் குரலைத்தான் கேட்கிறார்கள் என்று இவளுக்குத் தெரிந்துபோயிற்று.

குரல் பிரமாதம் என்றாள் அந்தம்மா. கதையில் போனில் மட்டும் பேசுகிற அத்தை ஒருத்தி வருகிறாள், அதைப் பேசித் தருகிறீர்களா என்று கேட்டாள்.

"குரல் வேணாம்மா. அதைத்தான் வருஷக்கணக்கா குடுத்துட்டிருக்கேன். மூஞ்சி ஆகாதுன்னா நேரா சொல்லிடுங்க, போயிடறேன். இல்லன்னா இன்னொரு தரம் செய்ய விடுங்க."

அந்தம்மா கேமராவை மறுபடி ஓடவிட்டாள். பிறகு, அந்தப் பையன் கண்ணைப் பார்த்துப் பேசச் சொன்னாள்.

பார்த்தாள். தூக்கம் போதாத கண், மோவாயில் சவரம் செய்த கீறல். சொந்த மகன் வெளியூர் வேலைக்குக் கிளம்பிய அன்று அவளுக்கு வேலை நாள். அவன் ஏறிய வண்டி புறப்படுகிறது என்று மேலேயிருந்து அறிவித்ததுதான் அவள் வழியனுப்பியது. "சாப்பிட்டுட்டாவது போடா" என்ற முதல் வரி வந்தது. அடுத்த வரி வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. மன்னிப்புக் கேட்காமல், கண்ணையும் எடுக்காமல் நின்றாள். கடைசியில் பையன்தான் தலையைக் குனிந்துகொண்டான். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

"அம்மா வேஷத்துக்கு வசனம் நிறைய. அது உங்களுக்கு சரிவராது," என்றாள் அந்தம்மா, சுற்றி வளைக்காமல். "ஆஸ்பத்திரியில புள்ள பக்கத்துல உக்காந்திருக்கற பொம்பள ஒருத்தி இருக்கா. மூணு காட்சி. வாயே திறக்க மாட்டா."

"கேமரா பக்கத்துல வருமா?"

"ரொம்பப் பக்கத்துல."

"அப்ப சரிம்மா."

படியிறங்கினாள். நடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மகனுக்குப் போன் போடக் கை போனது. வேண்டாம், அடுத்த மாதம் வருகிறான், எதிரில் உட்கார்த்தி வைத்துச் சொல்லலாம் என்று பையை மூடினாள்.