வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அம்பத்தூரில் நான் வேலை பார்த்த, இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் முதலுதவிப் பெட்டியின் சாவி என்னிடம் இருந்தது. யாருக்கு, எந்த வலிக்கு, எத்தனை மாத்திரை என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைப்பேன்.

காலை ஷிப்ட் ஆறு மணிக்கு. நெமிலிச்சேரியிலிருந்து முதல் ரயிலில் வரும் ஆபரேட்டர் ஒருவர், முதுகுவலிக்குத் தினமும் ஒரு மாத்திரை வாங்கி, என் எதிரிலேயே டீயோடு விழுங்குவார். அதற்கு முன் எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டார். லீவு கேட்டால் போர்மேன் விடமாட்டார். "ஊட்ல குந்திகினு இன்னா பண்ணப் போற? மாத்திரைய போட்டுகினு மிஷின்ல நில்லு."

எட்டாவது மாதம், மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது என்று ஆபரேட்டர் சொன்னார். "பீடியக் கொற நைனா, சரியாப் பூடும்" என்று போர்மேன் சிரித்தார். நானும் அன்றைய மாத்திரையைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவர் மிஷின் பக்கத்திலேயே சுருண்டு விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் என் நோட்டை வாங்கிப் பார்த்தார் டாக்டர். நூற்றுத் தொண்ணூற்றேழு மாத்திரைகள்.

"குடலோட உள்பக்கம் ஒரே ஒரு வரிசை செல்தான். இடைவெளி இல்லாம ஒட்டிகிட்டு நிக்கும், மேல வழவழன்னு ஒரு பூச்சு. சத்தை உள்ள விடும். கிருமியை ரத்தத்துல சேர விடாது. சில நாளுக்கு ஒரு தடவை தன்னையே புதுசாக்கிக்கும். அதுக்கு நீங்க அவகாசமே கொடுக்கல. வலி மாத்திரை கொடுத்துத் தினமும் அரிச்சிருக்கீங்க. வயித்துல புண், குடல்ல புண். அதுல கசிஞ்ச ரத்தம்தான் கறுப்பாப் போயிருக்கு. எழுதினீங்களே, ஒரு நாளாவது படிச்சீங்களா?"

எனக்கு டாக்டர் மேல்தான் முதலில் கோபம் வந்தது. கேட்டது சரி என்பதால் வந்த கோபம்.

ரத்தம் ஏற்றினார்கள். ஆபரேட்டர் பிழைத்தார். கண் விழித்ததும் என்னிடம், "அண்ணாத்தே, வேலைக்கு வந்தா மாத்திரை தருவ இல்ல? அது இல்லாங்காட்டி குனிய முடியாது" என்றார். நான் வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் டாக்டர் சொன்னதையெல்லாம் போர்மேனிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப டீயோட ஒரு பன்னும் குட்த்துடு சார்" என்றார்.

பெட்டியைப் பூட்டி, சாவியை அவர் மேஜைமேல் வைத்தேன். யாருக்காவது அடிபட்டால் மட்டும் கூப்பிடுங்கள், வந்து திறக்கிறேன், மற்ற வலிக்கு லீவு கொடுங்கள் என்றேன். வெளியே மாத்திரைக்காக இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஐந்து பேர் நின்றார்கள். மாத்திரை இல்லை என்றதும் அவர்கள் திட்டு எனக்குத்தான் விழுந்தது.