மழை நாளில் வீடு காட்டினோம்

சின்னசேலத்துக்குக் குடிபோக முடிவு செய்தது மகளுக்காக. அவள் சேலத்தில் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். கச்சிராயபாளையத்தில் இருட்டோடு பஸ் ஏறி, சின்னசேலத்தில் இறங்கி ரயிலுக்கு ஓடுவாள். திரும்பி வந்தால் தட்டில் கை வைத்தபடியே கண் செருகும். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு வீடு வாங்கிவிட்டால் அவள் பாடு பாதியாகக் குறையும். அதற்கு நாங்கள் இருந்த வீட்டை விற்க வேண்டும்.

தரகர் வந்து தெருவில் நின்றபடியே வீட்டை அண்ணாந்து பார்த்தார்.

"இப்பிடியே வித்தா கம்மியாதான் கேப்பாங்க. முன்னாடி எலிவேஷன் ஒண்ணு பண்ணுங்க. ஹால்ல ஃபால்ஸ் சீலிங், கலர் லைட்டு. வர்றவங்க உள்ள நொழையும்போதே மயங்கிடணும்" என்றார்.

என் கணவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவர் ஊரில் உரக்கடை வைத்திருக்கிறார். மூட்டையின் மேல் அச்சடித்த படம் நன்றாக இருந்தால்தான் சரக்கு போகும் என்று அனுபவத்தில் கண்டவர். அன்று சாயங்காலமே செல்போனில் விதவிதமான முகப்புகளைக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் ஆசை வரத்தான் செய்தது. ஆனால் கையில் இருந்தது ஒன்றிரண்டு வேலைக்குத்தான் காணும்.

வீட்டில் குறைகள் இருந்தன. மழை பெய்தால் ஹாலின் ஒரு மூலையில் ஒழுகும். கட்டிலை இந்தப் பக்கம் இழுத்துவிட்டு அங்கே வாளியை வைப்போம். பாத்ரூமில் தண்ணீர் போகும் பக்கம் போகாமல் கதவோரம் தேங்கும். தள்ளிவிட ஒரு துடைப்பம் உள்ளேயே இருக்கும். இதெல்லாம் குறை என்றே எங்களுக்குத் தோன்றாமல் போய்விட்டிருந்தது.

அந்த வாரமே சின்னசேலத்தில் ஒரு வீடு பார்க்கப் போனோம். வெளியில் புதுப் பெயிண்ட், ஹாலில் ஃபால்ஸ் சீலிங், அதற்குள் நீல விளக்கு. வீட்டுக்காரர் ஸ்விட்சைப் போட்டுப் போட்டுக் காட்டினார். என் கணவர் கழுத்து வலிக்கப் பார்த்தார். நான் சமையலறையைப் பார்த்துவிட்டு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். தண்ணீர் என் காலைச் சுற்றியே நின்றது. ஹாலுக்கு வந்து சும்மா சுவரில் கை வைத்தேன். புதுப் பெயிண்டுக்கு அடியில் சில்லென்று ஓதம்.

"மேல தளம் எப்பிடிங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் பிரச்சன இல்லீங்க" என்று சொல்லி அவர் மறுபடி விளக்கைப் போட்டார்.

அந்த விளக்கு எனக்குப் பிடிக்காமல் போயிற்று. எதையோ பார்க்க விடாமல் இவர் என்னை இழுத்துப் பிடிக்கிறார் என்றுதான் தோன்றியது. திரும்பி வரும்போது பஸ்ஸில் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் வாங்க வந்தவள் மாதிரி என் வீட்டுக்குள்ளேயே ஒரு சுற்று வந்தேன். குழாயைத் திறந்தேன். சுவரைத் தொட்டேன். வெட்கமாக இருந்தது.

"மொட்ட மெத்த மேல கூலிங் டைல்ஸ் ஒட்டி ஒழுக்க அடைப்போம். பாத்ரூம் தரைய ஒடச்சி வாட்டம் சரி பண்ணுவோம். அதுக்கு மேல மீந்தா பெயிண்ட்டு" என்றேன் கணவரிடம்.

"மெத்த மேல போட்டா யாரு பாக்கப்போறா?"

"மழ பாக்கும்."

அவர் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் கடையிலிருந்து வந்தவர், "நீ சொன்ன மாதிரியே செய்யலாம். ஆனா முன் சொவுத்துக்கு கலரு நான்தான் சொல்லுவேன்" என்றார். சரி என்றேன். அவர் தேர்ந்தெடுத்தது இளம் பயிர்ப் பச்சை. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கொத்தனார் பழைய தளத்தைச் சுரண்டியபோது விரிசல் மூலையிலிருந்து நடு ஹால் வரைக்கும் ஓடியிருந்தது தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு என் கணவர் ஃபால்ஸ் சீலிங் பேச்சையே எடுக்கவில்லை. தினமும் கடைக்குப் போகுமுன் மெத்தைக்கு ஏறி, ஒட்டிய டைல்ஸுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் போவார்.

ஐப்பசியில் ஆள் வருவதாகத் தரகர் சொன்ன அன்று மலைப்பக்கம் கருத்துக்கொண்டு நின்றது. "மழயில வூடு காட்டாதீங்க, வேற நாள் வரச் சொல்றேன்" என்றார் அவர். வரட்டும் என்றேன்.

கரும்பு போட்டிருக்கும் குடும்பம், புருஷனும் பெண்சாதியும். இத்தனை நாள் வாடகை வீட்டில் இருந்தவர்கள். தூறலோடு வந்தார்கள். அந்தப் பெண் நேராகப் போய் ஹால் மூலையை அண்ணாந்து பார்த்தாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

"இங்கதான் ஒழுகிக்கினு இருந்திச்சி. இந்த வருஷந்தான் சரி பண்ணோம். இன்னும் பெருமழ பாக்கல" என்றேன்.

பக்கத்தில் தரகர் தொண்டையைச் செருமினார். அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பாத்ரூமைப் பார்த்தாள், கிளம்பிவிட்டார்கள். "இன்னாங்க, நீங்களே வாயக் குடுத்துட்டீங்களே" என்று தரகர் வருத்தப்பட்டுவிட்டுப் போனார். நானும் கொஞ்சம் கலங்கித்தான் போனேன். கணவர் மட்டும், "சொன்னது சொன்னதுதான் உடு" என்றார்.

மறுநாள் மத்தியானம் வானம் பிளந்துகொண்டு கொட்டியது. எதிர்வீடு தெரியவில்லை. சாப்பிட வந்த கணவர் கடைக்குத் திரும்ப முடியாமல் உட்கார்ந்திருந்தார். கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். அதே புருஷன் பெண்சாதி, ஒரே குடையில், பாதி நனைந்து நின்றார்கள்.

"நேத்து பெஞ்சது தூறலுங்க. இன்னிக்கிதான் மழ. அதான் வந்தோம்" என்றாள் அவள்.

உள்ளே உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்தேன். நாலு பேரும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மெத்தைக் குழாயில் தண்ணீர் அருவி மாதிரி விழும் சத்தம். மூலை காய்ந்தே இருந்தது. டீ தீர்ந்து, அவர்கள் பிள்ளைகள் பேச்சு, கரும்பு வெட்டுக்கு ஆள் கிடைக்காத பேச்சு எல்லாம் வந்தது. மழை விடவில்லை. கடைசியில் அவள் எழுந்து சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, புருஷனைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"முன்னால இருக்கற பச்சதான் கொஞ்சம் ஜாஸ்தி. அத நாங்க மாத்திக்குவோம்" என்றாள். என் கணவரே முதலில் சிரித்தார்.

அவர்கள் போன பிறகு அவர் கட்டிலை அந்த மூலைக்கே இழுத்துப் போட்டுப் படுத்தார். "இத்தினி வருஷம் நாம இருக்கச்சொல்ல இத செய்யல பாரு" என்றார். அதில் வருத்தத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது.

தை பிறந்ததும் பத்திரம் முடிந்தது. சின்னசேலத்தில் நாங்கள் வாங்கியது பெயிண்ட் மங்கிய, தளம் கெட்டியான வீடு. வாங்குமுன் அந்தச் சுவர்களையெல்லாம் தொட்டுப் பார்த்தது என் கணவர். மகள் இப்போது ரயில் வரும் சத்தம் கேட்ட பிறகு செருப்பை மாட்டுகிறாள். ஓட்டம்தான், ஆனாலும் சாப்பிட்டுவிட்டு ஓடுகிறாள். அவர் பஸ்ஸில் கடைக்குப் போய் வருகிறார்.

இந்த வீட்டில் சமையல் மேடை எனக்கு உயரம். போன மாதம் தோசை திருப்பும்போது எம்பினேன். பழகிவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கொத்தனாருக்குப் போன் போட்டுவிட்டார்.