அண்ணியின் மூக்கும் கட்ஸு சோறும்

எங்கள் அண்ணிக்குச் சலவைக்கடையில் வைத்த பெயர் ‘மூக்கு’. முதலாளியிலிருந்து இஸ்திரி போடுகிறவர் வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வாசல் மேசையில் உட்கார்ந்து, வருகிற துணியை வாங்கி, கறை படிந்த இடத்தை மூக்கருகே கொண்டுபோவார். “இது மெஷின் எண்ணெய், தனியா போடு. இது பழச்சாறு, தண்ணியிலயே போயிடும்” என்று பிரித்துவிடுவார். அவர் சொல்லித் தப்பாகப் போனதாக அந்தக் கடையில் யாரும் சொன்னதில்லை.

வீட்டிலும் அதே கதைதான். பாலா, மாவா, நேற்றைய குழம்பா, எதுவாக இருந்தாலும் நேரே அண்ணி மூக்குக்குப் போகும். என் அண்ணன் லாரி ஓட்டுகிறவர். வெளியூர் போய்த் திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “யாரு கூட நின்னு சிகரெட் பிடிச்சீங்க?” என்று உள்ளேயிருந்து குரல் வரும். அண்ணன் திருதிருவென்று விழிப்பார். அதைப் பார்ப்பதில் தங்கச்சியான எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

நான் அதே கட்டடத்தில் அவர்களுக்குக் கீழ் வீட்டில் இருக்கிறேன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். ஒரு வேன் நிறையப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெரிசலில் ஓட்டிப் பாருங்கள், உங்களுக்கும் நீளும்.

போன மழைக்காலத்தில் இரண்டு வீட்டிலும் எல்லோருக்கும் காய்ச்சல். எல்லோரும் எழுந்துவிட்டோம், அண்ணியும் எழுந்துவிட்டார். அவர் மூக்குதான் எழவில்லை. முதலில் சளி என்று நினைத்தாராம். ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது வெங்காயத்தை நறுக்கி முகர்ந்து பார்த்திருக்கிறார். தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்துப் பார்த்திருக்கிறார். கடைசியில் கழிவறை கழுவுகிற பினாயில் பாட்டிலைத் திறந்து மூக்கிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார். ஒன்றும் இல்லை. “சுவத்தை மோந்து பாக்குற மாதிரி இருந்துச்சு” என்றார். இதெல்லாம் பின்னால் அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தனியாக டாக்டரிடம் போயிருக்கிறார். வாசனை திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த வாரமே கடை வேலையை விட்டார். எங்களிடம் முட்டி வலி என்றார். நான் வேறு வேலை மெனக்கெட்டு முட்டிக்குப் போடுகிற பட்டை வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பாவி மனுஷி அதையும் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நொண்டி நொண்டி நடந்தார்.

ஏன் இப்படி மறைக்க வேண்டும்? அவர் மகள் வயிற்றில் குழந்தை. மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் வேலை என்பதால் பெண் அம்மா வீட்டோடு வந்துவிட்டாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் ஆபீஸ் போயாக வேண்டும். குழந்தையைக் காப்பகத்தில் விடலாம் என்று மாப்பிள்ளை சொல்லிப் பார்த்தார். பெண் ஒரே போடாகப் போட்டாள். “எங்கம்மா இருக்கும்போது காப்பகம் எதுக்கு? கெட்டுப்போன பால் எங்கம்மா மூக்கைத் தாண்டி என் பிள்ளை வாய்க்குப் போயிடுமா?”

அண்ணி அப்போது பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பிடித்த பயம்தான். உண்மை தெரிந்தால் குழந்தையைத் தன்னிடம் விடமாட்டாள். சொல்லாவிட்டாலோ, தன் கையாலேயே அவளுக்கு ஏதாவது ஆகிவிடும். காலையில் கண் விழித்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் இரண்டு பயமும் மாறி மாறிப் பிடுங்கும். யாராவது எதையாவது நீட்டினால் அண்ணி அதை முகர்வதில்லை, நீட்டியவர் முகத்தைப் பார்ப்பார். அந்த முகம் சுளித்திருந்தால், “கெட்டுப்போச்சு.” சாதாரணமாக இருந்தால், “நல்லாத்தான் இருக்கு.” சந்தேகம் வந்தால் யாருக்கும் தெரியாமல் கீழே குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவார். ஒருமுறை நல்ல மீனைக் கொட்டும்போது நான் பார்த்துவிட்டேன். “அண்ணி, உங்களுக்குப் பித்துப் பிடிச்சிருக்கா? பூனைகூட இதைப் பாத்து அழும்” என்று மேலே வந்து அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டே சத்தம் போட்டேன். அசடு வழிந்தார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

இனி அந்தக் கட்ஸு சோற்றுக்கு வருகிறேன். பெண்ணின் ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு ஜப்பான் சாப்பாட்டுக்கடை. கோழியைத் தட்டையாகத் தட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, இனிப்பும் உப்புமான சாற்றில் முட்டையோடு ஒரு கொதி விட்டு, கிண்ணத்தில் சுடுசோற்றின் மேல் சரித்துக் கொடுப்பார்களாம், அதுதான் கட்ஸு சோறு. மசக்கையில் வேறு எதுவும் வாய்க்குப் பிடிக்காதபோதும் அது மட்டும் இறங்கியது. கடை எண்ணெய் வேண்டாம் என்று அண்ணியே போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டார். கோழியை மாவில் புரட்ட ஒரு கை, முட்டையில் முக்க ஒரு கை என்று அதில் சொல்வார்கள். அண்ணிக்கு அந்தக் கணக்கு வரவே வராது. இரண்டு கையிலும் தூள் அப்பிக்கொண்டு நிற்பார். “அம்மா, உன் விரலையும் சேத்துப் பொரிச்சிடலாம் போல” என்று பெண் சிரிப்பாள்.

அந்த நாள் காலையிலேயே கரண்ட் போய்விட்டது. உச்சி வெயில் தாண்டித்தான் வந்தது. நான் மேலே போய் அவர்கள் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் காலை நீட்டிப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஆபீசுக்கு லீவு போட்டிருந்த பெண், ஃப்ரிட்ஜிலிருந்து கோழியைத் தட்டோடு எடுத்துக்கொண்டு வந்தாள். பச்சைக் கறி வாடை ஆகாது என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, மூச்சையும் அடக்கிக்கொண்டுதான் நீட்டினாள்.

“காலையிலேர்ந்து ஃப்ரிட்ஜ் ஓடலம்மா. இது நல்லா இருக்கா, மோந்து பாரேன்.”

அண்ணி தட்டை வாங்கினார். பெண்ணின் முகம் சுவரைப் பார்த்திருந்தது. என் முகம் போனில் இருந்தது. பார்த்துச் சொல்ல ஒரு முகம்கூட இல்லை.

“நல்லாத்தான் இருக்கு” என்றார்.

“இல்லேன்னா வேணாம்மா.”

“அதான் சொல்றேன்ல, போய்ப் படு. முடிச்சிட்டுக் கூப்பிடுறேன்.”

பெண் எண்ணெய் வாடை வராமல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வேனைக் கழுவக் கீழே போனேன். ஒரு வாண்டு பின்சீட்டில் வாந்தி எடுத்து வைத்திருந்தது. அண்ணி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பின்னால் இதைச் சொல்லிச் சண்டைக்கே போனேன். “உன்னைக் கேட்டா, ஏன் கேக்குறீங்கன்னு நீ கேப்ப. அதுக்கு பதில் சொல்ற வரைக்கும் விடுவியா?” என்றார். விட்டிருக்க மாட்டேன்தான்.

அண்ணி சமையலறையில் தனியாக நின்றார். கோழியைத் தொட்டுப் பார்த்தார். வழவழவென்றிருந்தது. கோழி எப்போதும் வழவழவென்றுதானே இருக்கும்? அடுப்பருகே பார்த்தால் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது, ஜன்னலருகே கொண்டுபோனால் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. மஞ்சளா, வெள்ளையா, இது இப்படித்தான் இருந்ததா, ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கொட்டிவிடலாம் என்றால், இப்போதுதானே நன்றாக இருக்கிறது என்று சொன்னோம், எங்கே போயிற்று என்று கேட்பாளே. ஏற்கெனவே மீன் விஷயத்தில் ஒரு மாதிரியாகப் பார்த்தாளே. அந்த ஒரு வாய்ச்சொல்லைக் காப்பாற்ற, கோழியைப் பலகையில் போட்டுப் பூரிக்கட்டையால் தட்ட ஆரம்பித்தார்.

மாவு, முட்டை, ரொட்டித்தூள். மேடையெல்லாம் தூள். எண்ணெய் காய்ந்ததும் ஓரத்திலிருந்து விரல் அளவு துண்டு ஒன்றை வெட்டி முதலில் அதைப் பொரித்தார். ஊதி ஊதி அதைத் தின்றார். வாசனை போனால் ருசியும் முக்கால்வாசி போய்விடும். உப்பு தெரிந்தது, மொறுமொறுப்பு தெரிந்தது, வேறு எதுவும் இல்லை. இன்னொரு துண்டு தின்றார். ஏதாவது ஆவதாக இருந்தால் முதலில் எனக்கு ஆகட்டும் என்று நினைத்தாராம். பைத்தியக்காரத்தனம்தான். கெட்ட கறி தின்ற உடனேயா வயிற்றைப் பிடிக்கும்? அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் நின்று தின்றிருக்கிறார்.

பெரிய துண்டைப் பொன்னிறமாகப் பொரித்து எடுத்து எண்ணெய் அடுப்பை அணைத்தார். பக்கத்து அடுப்பில் அகலச் சட்டியை வைத்து வெங்காயம், சோயா சாஸ், சர்க்கரை, தண்ணீர் எல்லாம் விட்டார். அது கொதித்ததும் நறுக்கிய கோழியை அடுக்கி, அடித்த முட்டையை மேலே ஊற்றி மூடினார். காற்றில் நெருப்பு அலைந்ததால் ஜன்னலையும் சாத்தினார். அப்போது அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு பிடி.

அவ்வளவுதான், ஆடிப்போய்விட்டார். குளியலறைக்கு ஓடித் தாழ் போட்டுக்கொண்டார். கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வலிப்பது கோழியாலா, பயத்தாலா என்று பிரிக்கத் தெரியவில்லை. போய் உண்மையைச் சொல்லிவிடலாமா, இந்த ஒருமுறை சமாளித்துவிட்டு இனிமேல் ஜாக்கிரதையாக இருக்கலாமா என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தார். சமையலறையில் சட்டி பொங்கி, மூடியைத் தூக்கிக்கொண்டு சாறு வழிந்து, அடுப்பை அணைத்திருக்கிறது. திருகு திறந்தபடியே இருந்தது.

நான் வேனைக் கழுவி முடித்துப் படியேறினேன். பாதிப் படியிலேயே வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. கேஸ். யார் வீட்டிலோ என்று நினைத்தேன். மேலே போகப் போக அது அண்ணி வீடு. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

அண்ணி குளியலறையிலிருந்து வந்து அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் சட்டி மூடி. இன்னொரு கையில் லைட்டர், பர்னரை ஒட்டி. கட்டைவிரல் அழுத்தப் போகிறது.

பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்து லைட்டரைப் பிடுங்கினேன். அவர் தடுமாறி மேடையில் சாய்ந்தார். நான் திருகை மூடினேன், சிலிண்டரை மூடினேன், ஜன்னலைத் திறந்தேன். “சுவிட்ச் எதையும் தொடாதீங்க” என்று சொன்னது என் குரல் மாதிரியே இல்லை.

“என்னாச்சு?” என்றார் அண்ணி. “இப்பத்தான் அணைஞ்சிருக்கு. முட்டை இன்னும் வேகல.”

அந்த முகத்தில் கொஞ்சம்கூடப் பதற்றம் இல்லை. மூச்சு முட்டுகிற அளவுக்கு வீடு நாறுகிறது, அவர் முட்டை வேகவில்லை என்கிறார்.

“கேஸ் அண்ணி. வீடு முழுக்க கேஸ். உங்களுக்குத் தெரியலையா?”

என் முகத்தையே பார்த்தார். பிறகு சாத்தியிருந்த அறைக் கதவைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

“தெரியல” என்றார். “எனக்கு எதுவுமே தெரியல.”

பெண்ணை எழுப்பிக் கையைப் பிடித்து வெளியே மாடிப்படிக்குக் கொண்டுவந்தோம். தூக்கக் கலக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அங்கே நின்றபடி அண்ணி எல்லாவற்றையும் கொட்டினார். காய்ச்சல், டாக்டர், முட்டிப் பட்டை, மீன், ஒன்று விடவில்லை. முடிந்ததும்தான் பெண் கேட்டாள்.

“அப்ப இன்னைக்கு அந்தக் கோழி?”

“தெரியாதும்மா.”

“தெரியாமயே எனக்குப் போடப் பாத்தியா?”

“நான் முதல்ல தின்னுட்டேன்” என்றார் அண்ணி.

பெண்ணுக்கு உதடு துடித்தது. “மூக்கு போனா போகட்டும்மா. வாய் இருந்துச்சுல்ல? சொல்றதுக்கு என்ன?”

நான் லைட்டரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“சொன்னா குழந்தையை எங்கிட்ட விடமாட்டியேன்னுதான்” என்றார் அண்ணி. வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். “விடாத. இன்னைக்கு அந்த ரூம்ல நீ படுத்திருந்த. நாளைக்குத் தொட்டில்ல அது படுத்திருக்கும். உன் அத்தை படியேறி வராம இருந்தா? எங்கிட்ட விடாதம்மா.”

இத்தனை மாதம் எந்த வார்த்தை காதில் விழக்கூடாது என்று பொய்க்கு மேல் பொய் சொன்னாரோ, அதைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டார். அப்படியெல்லாம் இல்லம்மா என்று பெண் சொல்வாள் என நான் காத்திருந்தேன். அண்ணியும் காத்திருந்தார், அவர் கண்ணிலேயே தெரிந்தது.

பெண் வயிற்றைத் தடவிக்கொண்டே நின்றாள். பிறகு தலையை நிமிர்த்தாமல், “சரிம்மா” என்றாள்.

“அதான் சரி” என்றார் அண்ணி. குரலில் ஒன்றும் இல்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு படியில் மெதுவாக உட்கார்ந்தார். அதற்கப்புறம்தான் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னும் பிறக்காத குழந்தையை யாரோ கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்ட மாதிரி அழுதார். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொண்டோம்.