ரொம்ப நாளா

விவேக் நகரை ஒட்டிய மருத்துவமனையில், இன்ஷூரன்ஸ் கவுண்டரில் இருந்த அந்த அம்மாவுக்கு நரைத்த கொண்டை. எந்தக் கடிதத்தையும் விரல் வைத்து, உதடசைத்துத்தான் படிப்பார். பழைய நோயை மறைத்தோம் என்று என் மனைவியின் இதய அறுவைக்குப் பணம் தர கம்பெனி மறுத்திருந்தது.

"பல வருஷமா மூச்சிரைப்புன்னு டாக்டர் எழுதியிருக்காரே. நீங்க என்ன சொன்னீங்க?"

"ரொம்ப நாளான்னு."

"நம்மாளுங்களுக்கு நேத்து வந்த தலவலிகூட ரொம்ப நாளாதான்! டாக்டர் இந்த ஊர்க்காரரு, தமிழ் வராது சார். நர்ஸு அவரு பாஷையில மாத்திச் சொல்றப்போ நாளு வருஷமாயிடுச்சு. எத்தன நாளு?"

"இருபது."

"நெசந்தானே?" என்று என் கண்களையே பார்த்தார். பிறகு டாக்டரிடம் திருத்தக் கடிதம் வாங்கி, மறுபடி அனுப்பினார். அனுமதி வந்தது.

இருபது நாள் என்பது உண்மைதான். இப்போது மனைவி சீராக மூச்சுவிட்டு உறங்குகிறாள். உண்மை வேறாக இருந்திருந்தால் அந்தக் கண்களிடம் என்ன சொல்லியிருப்பேன் என்றுதான் தெரியவில்லை.