அக்காவுக்காகக் கட்டிய கக்கூஸ்

ஈர சிமெண்டு வாடை... இன்றைக்கும் எங்காவது புது வேலை நடக்கிற வீட்டைத் தாண்டிப் போனால் அது மூக்கில் ஏறும். உடனே ஹட்டன் டவுனில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சின்ன கக்கூஸ்தான் ஞாபகம் வரும்.

சிரிக்காதீங்க. இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாத சங்கதி இது.

எண்பதுகளின் நடுப்பகுதி. வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில் பிறந்த நான், அப்போது டவுனில் வாத்தியார். அப்பா அம்மா இரண்டு பேரும் சீக்கிரமே போய்விட்டார்கள். என்னைப் படிக்கவைத்தது அக்கா. பதினான்கு வயதில் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியவள். எனக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு மலை ஏறினாள். கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை.

நானும் மனைவி சரோவும் டவுனில் ஒரு மாடி வீடு வாங்கினோம். மாடியில் பாத்ரூம். வெள்ளை டைல்ஸ், கண்டியிலிருந்து லொறியில் வந்த வெள்ளை கொமட். வருகிறவர்களை எல்லாம் மேலே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவேன். அப்படி ஒரு பவுசு எனக்கு!

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா ரயிலேறி வருவாள். பை நிறைய கீரை, பேரிக்காய்...

அப்படி அவள் வந்த ஒரு நாள், எங்கள் பள்ளிக்கூட அதிபரும் அவர் மனைவியும் சாப்பிட வந்திருந்தார்கள். மேலே பாத்ரூமுக்குப் போன அந்த அம்மா, முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன்.

கொமட்டின் மேல் இரண்டு பாதத் தடம். செம்மண். குதிகால் வெடிப்பு கூட அப்படியே பதிந்திருந்தது.

அக்கா அதன்மேல் ஏறிக் குந்தியிருக்கிறாள். பாவம், அதில் உட்கார வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? ஊருக்கெல்லாம் காட்டின நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேனா?

சட்டைப்பையிலிருந்த லேஞ்சியை எடுத்துத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க எனக்கு அக்கா மேல்தான் கோபம் வந்தது. நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அடுத்த வாரமே மேசன் வேலு அண்ணனைக் கூப்பிட்டேன். லயத்தில் அக்காவுக்கு அடுத்த காம்பரா வீட்டுக்காரர். மாடிப்படிக்குக் கீழே உருளைக்கிழங்கு மூட்டையும் பழைய குடையும் கிடந்த மூலையைக் காலி பண்ணி, சுவர் வைத்து, தரையில் குந்துகிற பீங்கான் ஒன்றைப் பதித்தோம். ஒரு வாளி, ஒரு டின். நிமிர்ந்தால் தலை இடிக்கும்.

சரோ சொல்லித்தான் கட்டினேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பச்சைப் பொய். “அக்காவுக்கு ஒரு தடவ சொல்லிக் குடுத்தா பழகிக்குவாங்க. எதுக்குங்க இது?” என்றுதான் அவள் கேட்டாள்.

அக்கா வந்தபோது சொன்னேன். “படி ஏறி எறங்க ஒனக்குக் கஷ்டமா இருக்குமேக்கா... அதான் ஒனக்குன்னு கீழயே ஒண்ணு.”

அவளுக்கு அப்போது நாற்பது வயது. தினமும் கூடையோடு மலை ஏறுகிறவள். அவளிடம் போய்ப் படி ஏறக் கஷ்டம் என்கிறேன்!

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, “எனக்குன்னேவா? ஆத்தாடி!” என்று சிரித்தாள்.

வேலு அண்ணன் கதவுக்கு வெளியே கொண்டி வைத்துப் பூட்டும் போட்டிருந்தார். லயத்து கக்கூஸ்களுக்கு அப்படித்தான். பக்கத்துக் குடும்பம் நுழைந்துவிடாமல் அவரவர் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்வார்கள். “அக்காவுக்குன்னு சொன்னீங்களே வாத்தியாரே, வேற யாரும் போயிறக் கூடாதுல்ல?” என்று சாவியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். அக்கா அதை முந்தானையில் முடிந்து தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். மாதம் முழுக்க அது பூட்டியே கிடக்கும். அவள் வந்தால்தான் திறக்கும்.

அந்த வருஷம் திருவிழாவுக்குத் தோட்டத்துக்குப் போனேன். ஆளாளுக்குக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “அக்காவுக்குன்னு தனியா கக்கூஸே கட்டிக் குடுத்தீங்களாமே! கூடப் பொறந்தா ஒங்கள மாதிரி ஆளோட பொறக்கணும்ங்க.”

நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அக்கா என்னை நம்பிவிட்டாள் என்று ஒரு நிம்மதி வேறு...

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேலே பாத்ரூமில் என் மகள் வழுக்கி விழுந்து வீரிட்டாள். கீழே கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்கா ஒரே ஓட்டமாக மாடிக்கு ஏறிவிட்டாள். நான் பாதிப்படியில் மூச்சு வாங்க நிற்கிறேன், அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வருகிறாள்.

“கால் வலிக்கலையாக்கா?” என்று கேட்டேன். மடையன்.

“மல ஏறுற காலுடா இது. பன்னெண்டு படி என்ன செஞ்சிரும்?”

பிள்ளையின் கண்ணைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். “நீ எதுக்குக் கட்டுனேன்னு எனக்குத் தெரியாதா தம்பி? விடு. லயத்துல, தம்பி ஆசையாக் கட்டிக் குடுத்தான்னு நானே சொல்லி வச்சிருக்கேன். ஒன் பேரு கெடக் கூடாதுல்ல.”

அந்த இடத்திலேயே அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். இனிமே மேலயே போக்கா என்றாவது சொல்லியிருக்க வேண்டும். பிள்ளையை வாங்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். அடுத்த மாதமும் முந்தானையை அவிழ்த்துச் சாவியை எடுத்தாள். சாகும்வரை அப்படித்தான்.

இப்போது எனக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. படி ஏறவே கூடாதாம். கீழே இருப்பதை இடித்துப் பெரிதாக்கி, புது டைல்ஸ், கொமட், பிடித்துக்கொள்ளக் கம்பி எல்லாம் போட்டுக் கொடுத்தாள் மகள். எனக்காகவே. அவள் நிஜமாகவே எனக்காகத்தான் செய்தாள். கதவு மட்டும் பழையது.

போன வாரம் பேத்தி கேட்டாள். “ஏன் தாத்தா இந்தக் கதவுக்கு வெளிய கொண்டி இருக்கு?”

“எங்க அக்காவுக்குப் படி ஏற முடியாதும்மா. அவங்களுக்குன்னு தாத்தா ஆசையாக் கட்டுனது.”

“நீங்க ரொம்ப நல்லவங்க தாத்தா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.